ஏற்றத்தில் இழுக்காத வண்டி

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றபோது நம் சங்கத்து அன்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். அவரிடம் ஒரு பழைய டெம்போ டிராவலர் இருக்கிறது. சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து வீடு மாதிரி செய்துவைத்திருக்கிறார். "சமதளத்தில் நன்றாகத்தான் ஓடுகிறது. காட் வந்தால் மூச்சு வாங்குகிறது. மெக்கானிக் எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே வண்டி, இதே நோய், இதே தீர்ப்பு எனக்கும் வாய்த்ததுண்டு. நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். இரும்பு என்ன செய்யும், என்ன செய்யாது என்பது ஓரளவு தெரியும், அவ்வளவுதான். அன்று நின்றுகொண்டே சொன்னதைக் கேட்ட ஆசிரியர், "இதை எழுதிக் கொடுங்கள், பழைய வண்டி வைத்திருப்பவர் நம்மில் பலர்" என்றார். எழுதுகிறேன்.

முதலில் என் வண்டியைப் பற்றி. அது 1998-ஆம் ஆண்டு டிராவலர். ஒரு கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததை 2008-இல் வாங்கினேன். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. ரயிலில் மேல் படுக்கை, கீழ்ப் படுக்கை, குறுகலான கழிவறை எதுவும் சரிப்படவில்லை. விமானம் என்றால் வேண்டவே வேண்டாம் என்றாள். ஆண்டுக்கு ஒரு முறை கும்பகோணம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்கு அவளைப் படுக்கவைத்தே அழைத்துப் போக எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். உள்ளே மாற்றங்கள் செய்ததை ஆர்.டி.ஓ.வில் காட்டி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொண்டேன். இதைச் செய்யாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

அந்த எஞ்சினுக்கு ஒரு பூர்விகம் உண்டு. மெர்சிடஸ் பென்ஸ் 1973-இல் தன் 240 டி காரில் வைத்த, ஓஎம் 616 என்ற நான்கு சிலிண்டர், 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் அது. நம் ஊர் பஜாஜ் டெம்போ (2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) உரிமம் பெற்று இங்கே அதைச் செய்தது. ஜெர்மனியில் அதே எஞ்சினை வைத்து வந்த 207 டி வேன்களை வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் ஏராளம். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. டீசலும் காற்றும் போனால் ஓடும், போகாவிட்டால் நிற்கும். லேசில் சாகாத ஜாதி.

2014 மே மாதம். அம்மாவின் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, உடம்பு மிகவும் முடியவில்லை என்று தகவல். "ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்பா" என்றாள் அம்மா. அவளுக்கு அப்போது 78 வயது. இரண்டே நாளில் புறப்பட்டோம். நான், மனைவி, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த மகள், பின்னால் படுக்கையில் அம்மா. விடியற்காலை கிளம்பி கத்ரஜ் சுரங்கம் தாண்டி, சிர்வல் தாண்டி, கம்பாட்கி காட்டுக்கு வந்தோம். புணேயிலிருந்து சாத்தாராவுக்குப் போகிறவர்கள் அப்போது மலையேறித்தான் போக வேண்டும். எதிர்த் திசையில் வருகிறவர்களுக்குத்தான் சுரங்கம்.

பாதி ஏற்றத்தில் வண்டி மெல்லத் தளர்ந்தது. திடீரென்று அறுந்த மாதிரி இல்லை. களைத்த மாடு மாதிரி. மூன்றாவது கியர், இரண்டாவது, கடைசியில் முதல் கியர். ஆக்சிலரேட்டர் பலகை தரையைத் தொடுகிறது, எஞ்சின் கேட்கவில்லை. ஓரம் கட்டி நிறுத்தினேன். பத்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறியது. ஒரு கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே கதை. நான்கு தடவை நின்று மேலே போய்ச் சேர்ந்தோம். இறக்கத்திலும் சமதளத்திலும் எந்தக் குறையும் இல்லை.

சாத்தாராவுக்கு வெளியே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மெக்கானிக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "காடி ஓடத் நாஹீ" என்றார். என் மனைவி முகம் வெளிறிவிட்டது. இவ்வளவு தூரம் ஓடி வந்த வண்டியைப் பார்த்து ஓடாது என்கிறானே என்று! மராத்தியில் 'ஓட' என்றால் இழுப்பது. வண்டி இழுக்கவில்லை என்கிறார். அதுவரை சரி. அடுத்து அவர் சொன்னதுதான் சரியில்லை: போர் தேய்ந்துவிட்டது, ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கிப் பிரித்து வேலை செய்ய 65,000 ரூபாய், பத்து நாள் ஆகும்.

பத்து நாள். மாமாவின் நிலைமை எங்களுக்குத் தெரியும். அம்மா படுக்கையில் இருந்தபடியே, "என்னப்பா சொல்றான்?" என்றாள். "சின்ன வேலைதாம்மா" என்றேன். பணத்தைவிட அந்தப் பத்து நாளை நினைத்துத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. திரும்பிப் போவதா, மெதுவாகவே போவதா என்று தெரியாமல் அங்கேயே ஒரு மணி நேரம் நின்றோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் போட்ட கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த விஷயம் முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. எங்கள் வண்டி, ஆட்கள், சாமான், 80 லிட்டர் தண்ணீர், 30 கிலோ எடையுள்ள நிறைந்த கேஸ் சிலிண்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 3 டன். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போக அதற்குப் பத்துக் குதிரைத்திறன்கூட வேண்டியதில்லை. அதே வேகத்தில், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் ஏற வேண்டுமானால், அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் 22 குதிரைத்திறன் தனியாக வேண்டும். ஆக மும்மடங்கு. சக்தி மும்மடங்கு வேண்டுமென்றால் டீசலும் ஏறத்தாழ அதே கணக்கில் பெருகிப் பாய வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். டீசல் வரும் வழியில் எங்கோ பாதி அடைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சமதளத்துக்கு வேண்டிய டீசல் அந்த இடுக்கு வழியே தாராளமாக வந்துவிடும். டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. ஏற்றம் வந்ததும் கேட்கிற அளவு வராது. அடைத்த குழாயில் ஒரு குடம் பிடிப்பவருக்குக் குறை தெரியாது, தொட்டியை நிரப்பப் போகிறவருக்குத்தான் தெரியும். தவிர, தேய்ந்த ரிங் பத்து நிமிடம் ஓய்வெடுத்தால் புதிதாகிவிடுமா? ஆகாது. நின்றால் சரியாகி, இழுத்தால் மறுபடி வருகிற நோய் எஞ்சினுக்குள் இருக்கும் தேய்மானமாக இருக்க வாய்ப்பு குறைவு. அன்று காலை வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியிருந்தது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; காற்றை 21-இல் ஒரு பங்காக நெரித்து, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ரிங் போன எஞ்சினில் காற்று கசிந்து, குளிர்ந்த காலையில் கிளம்பவே அழும்.

மெதுவாகப் போவது என்று முடிவு செய்தேன். கோலாப்பூர் வரை பெரிய மலை இல்லை. ஒரு பெட்ரோல் பங்கில் விசாரித்ததில், அங்கே பம்ப்-நாசில் வேலை செய்யும் ஒரு பெரியவரைச் சொன்னார்கள். கோலாப்பூர் வார்ப்படத்துக்கும் எஞ்சினுக்கும் பேர் போன ஊர். நான் 'காகா' என்று அழைத்த அந்தப் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். வண்டியைத் தொடவே இல்லை. அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏற்றத்தில் திணறும்போது புகை என்ன நிறம்?"

எனக்குத் தெரியவில்லை. எனக்கு முன்னால் உள்ள சாலைதான் தெரியும். பின் கண்ணாடி ஓரம் உட்கார்ந்திருந்த என் மகள், "புகையே வரலைப்பா. பக்கத்துல லாரிக்கெல்லாம் கறுப்பா வந்துச்சு, நமக்கு ஒண்ணுமே வரலை" என்றாள். நான் மராத்தியில் சொன்னதும் காகா தலையை ஆட்டினார். "அப்படியானால் எஞ்சின் பட்டினி. டேங்க்கைப் பார்" என்றார். நோய் அங்கேயே பாதி தெரிந்துவிட்டது.

டீசல் வண்டிக்குப் புகைதான் நாடி. ஏற்றத்தில் சக்தி குறைந்து கரும்புகை கக்கினால், டீசல் போதிய அளவு போகிறது, எரிக்கக் காற்று போதவில்லை அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை என்று பொருள். ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது; ரிங், வால்வு கைடு பக்கம் சந்தேகப்படலாம். எஞ்சின் சூடான பிறகும் வெண்புகை வந்தால் டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது. பம்ப்பின் டைமிங், கம்ப்ரஷன் இரண்டையும் பார்க்க வேண்டும். தண்ணீர் குறைந்துகொண்டே போய் வெண்மையாக வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். சக்தியும் இல்லை, புகையும் இல்லை என்றால் டீசலே போய்ச் சேரவில்லை. அதனால் ஏற்றத்தில் யாரையாவது பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். செலவில்லாத பரிசோதனை.

டேங்க்கைப் பார் என்று சொன்னவர், உடனே டேங்க்கைக் கழற்றவில்லை. சந்தேகத்தை உறுதி செய்துகொள்ள ஒரு காரியம் செய்தார். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். பத்து லிட்டர் கேன் ஒன்றில் புதிய டீசலை வடிகட்டி ஊற்றினார். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, மறுமுனையைக் கேனுக்குள் விட்டார். மிஞ்சிய டீசல் டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாயையும் கேனுக்கே திருப்பினார். கேன் அசையாமல், சூடான பாகம் எதிலும் படாமல் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அதாவது பழைய டேங்க்கையும் அதன் குழாய்களையும் விலக்கிவிட்டு, எஞ்சினுக்குப் புதிதாக ஒரு குட்டி டேங்க் கொடுத்தாயிற்று. கை பிரைமரை அடித்து, ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றினார். "போ, மலை ஏறிவிட்டு வா" என்றார்.

பக்கத்தில் ஏற்றம் எது என்று கேட்டதற்கு, ஜோதிபா மலை என்றார்கள். போனோம். கம்பாட்கியில் முதல் கியரில் தவழ்ந்த அதே வண்டி, அதே சுமையோடு, நிற்காமல் மேலே போய் நின்றது. சுவாமி தரிசனத்துக்காகத்தான் இந்த வழி வந்திருக்கிறோம் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நான் மறுக்கவில்லை. எஞ்சின், ஃபீட் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்‌ஷன் பம்ப், நாசில் ஆகிய எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன, கோளாறு டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் என்று அந்த ஒரே ஓட்டம் சொல்லிவிட்டது. ஏறாமல் இருந்திருந்தால் கோளாறு ஃபீட் பம்ப்புக்கு இந்தப் பக்கம் என்று அதுவும் தெளிவாகியிருக்கும். இரண்டில் எது நடந்தாலும் லாபம்.

ஒரு எச்சரிக்கை. இது டீசலுக்கு மட்டுமே. பெட்ரோல் வண்டியில் திறந்த கேனை வைத்து இப்படி ஒருபோதும் செய்யாதீர்கள். அது வெடிகுண்டோடு பயணம் செய்வதற்குச் சமம். டீசல் என்றாலும் உள்ளே கேஸ் அடுப்பு இருக்கிற வண்டியில் சிலிண்டரை இறக்கிவைத்துவிட்டுச் செய்யுங்கள். நாங்கள் காகாவின் கடையில் இறக்கிவிட்டுத்தான் போனோம்.

திரும்பி வந்து டேங்க்கை இறக்கினோம். அடியில் ஒரு தம்ளர் தண்ணீர். அதற்கு மேல் கறுப்பாக, குளத்துப் பாசி போல வழவழப்பான ஒரு கசடு. டீசலை உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். அது துருவும் கசடுமாக முக்கால்வாசி மூடியிருந்தது. எஞ்சின் பலமாக உறிஞ்சும்போது மிதக்கிற கசடும் வந்து சல்லடையில் அப்பிக்கொள்கிறது. நிறுத்தினால் உறிஞ்சல் நிற்கிறது, அப்பியது மெல்ல விலகுகிறது. பத்து நிமிட ஓய்வில் வண்டி தெளிந்ததன் ரகசியம் இதுதான்.

தவறு வண்டியுடையது அல்ல, என்னுடையது. ஊருக்குப் போய்வந்த களைப்பில் அரை டேங்க் டீசலோடு மரத்தடியில் நிறுத்துவேன். அடுத்த மே வரை எப்போதாவது கிளப்பி இரண்டு நிமிடம் உறும விடுவேன். டேங்க்கின் காலியான பாதியில் இருப்பது காற்று. அதில் ஈரம் இருக்கிறது. நம் ஊர் மழைக்காலத்தில் நான்கு மாதம் பகலில் வெப்பமும் இரவில் குளிர்ச்சியுமாக மாறும்போது அந்த ஈரம் தகட்டில் வியர்த்து, சொட்டி, டீசலுக்கு அடியில் தண்ணீராகத் தேங்குகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். அந்தக் கறுப்புப் பாசி அவைதான். தகடும் துருப்பிடிக்கும். தினமும் ஓடுகிற வண்டியில் டீசல் மாறிக்கொண்டே இருப்பதால் இவ்வளவு சேராது. பதினொரு மாதம் தூங்கி ஒரு மாதம் ஓடுகிற நம்மைப் போன்றவர்களின் வண்டிக்கு வருகிற நோய் இது.

டேங்க்கை மூன்று தடவை டீசல் ஊற்றிக் கழுவினார்கள். ஒரு துண்டுச் சங்கிலியை உள்ளே போட்டுக் குலுக்கித் துருவைப் பெயர்த்தார்கள். சல்லடை சுத்தம் செய்து, டீசல் ஃபில்டரையும் மாற்றி, பழைய ரப்பர் குழாய்க்குப் பதில் புதிது போட்டு, கூலியோடு 1,150 ரூபாய் ஆனது. ஓர் அரை நாள். 65,000 சொன்ன சாத்தாரா மெக்கானிக் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். எஞ்சின் பிரிக்கத் தெரிந்தவருக்கு எல்லாக் கோளாறும் எஞ்சினுக்குள் இருப்பதாகவே தோன்றும்.

எல்லா வண்டிக்கும் டேங்க்தான் காரணமாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நான் இப்போது யார் கேட்டாலும் செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, பம்ப்பில் உள்ள லீவர் அதன் கடைசி வரை போய்த் தொடுகிறதா என்று பாருங்கள். கேபிள் தளர்ந்து முக்கால்வாசியோடு நின்றுவிடும் வண்டிகள் உண்டு. வீட்டுக் கம்பளத்தை வெட்டி மிதியடியாகப் போட்டு, பலகை முழுக்க இறங்காமல் தடுத்த புண்ணியவானும் நம் சங்கத்தில் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். அவரே படித்துச் சிரித்துக்கொள்வார்.

அடுத்து பிரேக். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. நெடுநாள் நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறி விடாமல் இருப்பது வெகு சாதாரணம். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் அது சக்திக் குறைவே அல்ல, கிளச் நழுவுகிறது.

பிறகு ஏர் ஃபில்டர். அதன் மூடியைத் திறந்தால் போதாது, காற்று நுழைகிற குழாயின் வாய் வரை பாருங்கள். நிற்கிற வண்டியில் எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஒரு தடவை என் வண்டியில் பழைய சங்க மலரின் துண்டுகள் உட்பட ஒரு முழுக் கூடு இருந்தது.

டீசல் பக்கம் வந்தால், டேங்க் மூடியை முதலில் கவனியுங்கள். டீசல் குறையும்போது அந்த இடத்துக்குக் காற்று போக ஒரு சிறு துளை வேண்டும். அது அடைத்தால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திணறும்போது நிறுத்தி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். அப்போதே வியாதி தெரிந்துவிடும். பிறகு ரப்பர் குழாய்கள். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாயில் டீசல் உறிஞ்சப்படுகிறது, தள்ளப்படுவதில்லை. ஆகவே அதில் விரிசல் இருந்தால் டீசல் வெளியே ஒழுக வேண்டும் என்பதில்லை, காற்று உள்ளே போகும். ஒழுகல் இல்லை என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டால், குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். சில பழைய குழாய்கள் வெளியே பளபளப்பாக இருந்து உள் தோல் மட்டும் உரிந்து தொங்கும். உறிஞ்சும்போது அது கதவு போல மூடிக்கொள்ளும். குழாய் விலை மலிவு. பத்து வயது தாண்டியிருந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, கேன் வைத்து ஓட்டியும் ஏறவில்லை என்றால், புது ஃபில்டர் போட்டுப் பார்த்துவிட்டு பம்ப்-நாசில் கடைக்குப் போகலாம். நாசிலைக் கழற்றி அதற்கான கருவியில் பொருத்தி அழுத்தினால் பனிபோலத் தூவ வேண்டும். சொட்டினால் மாற்ற வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்ப்பை மட்டும் கடைசி வரை யாரையும் தொட விடாதீர்கள். 'கொஞ்சம் டீசலை ஏற்றி விடுகிறேன்' என்று ஸ்க்ரூவைத் திருப்புகிறவரிடமிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கரும்புகையும் சூடும்தான் மிஞ்சும்.

எஞ்சின் நிஜமாகவே தேய்ந்திருந்தால் அது ஒளிக்காது. காலையில் கிளம்ப அடம் பிடிக்கும், ஆயில் குடிக்கும், ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் ரயில் எஞ்சின் போல குப்குப்பென்று காற்று அடிக்கும். அப்போதும் ஹெட்டைக் கழற்றும் முன் இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள்: டேப்பட் இடைவெளியைச் சரிபார்ப்பது, டீசல் எஞ்சினுக்கான கேஜ் வைத்து நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்ப்பது. டேப்பட் இறுகி வால்வு முழுக்க மூடாமல் இருந்தாலும் கம்ப்ரஷன் குறையும். அதைச் சரிசெய்வது ஒரு மணி நேர வேலை.

பழைய கார்புரேட்டர் மாருதி வேன் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். அந்தக் குட்டி 796 சி.சி. எஞ்சினுக்கு நான் சொன்ன பிரேக், கிளச், ஆக்சிலரேட்டர், ஏர் ஃபில்டர், டேங்க் மூடி எல்லாம் பொருந்தும். அதற்கு மேல் பிளக், பாயின்ட், கார்புரேட்டர் ஜெட் என்று வேறு பாதை. கம்ப்யூட்டர் வைத்த புது வேன்களுக்கோ, அதன் மொழி தெரிந்த கருவி வைத்திருப்பவர்தான் பேச முடியும்.

எங்கள் பயணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் நிபாணி தாண்டி தவந்தி காட்டில் வண்டி குறையில்லாமல் ஏறியது. ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர், சேலம் வழியாக, புறப்பட்ட ஐந்தாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தோம். மாமா திண்ணையில் சாய்வு நாற்காலியில் காத்திருந்தார். அக்காவும் தம்பியும் ஒன்பது நாள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆவணியில் மாமா காலமானார். திரும்பி வரும்போது தொப்பூர் ஏற்றத்தில் மகளைப் பின்னால் பார்க்கச் சொன்னேன். "கொஞ்சமா கறுப்பா வருதுப்பா" என்றாள். சுமையோடு ஏறுகிற பழைய டீசலுக்கு அவ்வளவு வந்தால் அது ஆரோக்கியம்.

அதன்பின் நிறுத்தும் முன் டேங்க்கை வாய் வரை நிரப்பி வைப்பேன். மழைக்காலம் முடிந்ததும் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பேன். மாதம் ஒரு முறை வாசலில் உறும விடுவதற்குப் பதில் லோணாவளா வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வருவேன். 2023-இல் மறுபடி ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிற வேளை வந்தபோது விட்டுக்கொடுத்துவிட்டேன், எனக்கும் வயதாகிவிட்டது. அதுவரை அது எந்த மலையிலும் நிற்கவில்லை.

பொங்கலன்று கேட்ட அன்பர் போன வாரம் போன் செய்தார். கேன் வைத்து ஏற்றிப் பார்த்தாராம். லோணாவளா காட்டில் லாரிகளை முந்திக்கொண்டு ஏறியதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை டேங்க்கை இறக்குகிறார். நானும் போகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். பழைய உடுப்பில் வாருங்கள். டீசல் நாற்றம் நான்கு சலவைக்குப் போகாது.